பிடித்ததை அவர்களே காட்டட்டும்

ஆசிரியருக்கு,

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான பகல்நேர மையங்களைப் பற்றிய உங்கள் செய்தியில் கட்டடம், சாய்தளம், உணவு எல்லாம் இருந்தன. அங்கே வருபவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பதை மட்டும் பொறுப்பாளர்களே சொல்லியிருந்தார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 14ஆவது பிரிவு, வரையறுக்கப்பட்ட பாதுகாவலரும் (சட்டப்படியான முடிவுகளில் துணைநிற்க நியமிக்கப்படுபவர்) மாற்றுத்திறனாளியும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. சரி, பேச்சு சரளமாக வராதவரோடு எப்படிச் சேர்ந்து முடிவெடுப்பது? வாயால் கேட்டால் மட்டும் போதாது. என் தம்பியிடம் "டீயா, காபியா?" என்றால் "காபி" என்பான். "காபியா, டீயா?" என்றால் "டீ". கடைசியாகக் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான். இரண்டு டம்ளரையும் முன்னால் வைத்தால், எந்தப் பக்கம் மாற்றி வைத்தாலும் கை டீக்குத்தான் போகும்.

சிறப்பாசிரியர்கள் பலருக்கு இது தெரிந்த முறைதான். பொருள்களை இரண்டிரண்டாக வைத்து, எதை எடுக்கிறார் என்று குறிப்பார்கள். 6 பொருள் என்றால் 15 ஜோடி; செலவென்று எதுவும் இல்லை. இடவலம் மாற்றி வைக்க வேண்டும், சிலர் எப்போதும் ஒரே பக்கத்தையே எடுப்பார்கள். உடனிருப்பவர்களின் ஊகம் இதுபோன்ற சோதனைகளின் முடிவோடு பல நேரம் ஒத்துப்போவதில்லை என்பதை 1980களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. மையங்களுக்கு நிதி தரும் அரசுத் துறை, சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தப் பதிவை எடுத்து ஒவ்வொருவரின் தனித்திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். முதலில் சாப்பாடு, அப்புறம் எந்த வேலை, யார் பக்கத்தில் உட்காருவது என்று விரிக்கலாம்.

ஒரு வாசகி, திருநெல்வேலி