கம்பஸ் பெடியளின் தளம் பற்றி மச்சானுக்கு

கிளிநொச்சி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம்தானே. இங்கே காலபோகம் பரவாயில்லை, ஆனால் அறுவடை நேரம் பார்த்து மழை வந்து பரந்தன் பக்கம் கொஞ்சப் பேருக்கு நெல் வயலிலேயே படுத்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் நோ, மற்றபடி உன்னை விசாரிக்காத நாளில்லை.

பேஸ்புக்கை மூடப்போகிறேன், அதில் விளம்பரத்தையும் சண்டையையும் தவிர ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். நீ சொல்வதில் பிழையில்லை. ஆனால் உன் கடிதம் வந்த அதே கிழமை அக்காவின் மகன் நேர்மாறான கதையோடு வந்து நின்றான். அவன் இப்போது அறிவியல் நகரில் இஞ்சினியரிங் இரண்டாம் வருடம். கூட்டாளிகளோடு சேர்ந்து தங்கள் கம்பஸுக்கென்று ஒரு தளம் செய்கிறார்களாம்: நோட்ஸ், பழைய வினாத்தாள், யார் எந்த பச், வாடகைக்கு அறை, விற்கிறதுக்குச் சைக்கிள், இப்படி. "பேஸ்புக்கும் இப்படித்தானே மாமா தொடங்கியது?" என்று கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டு, பிறகு இருந்து தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, இந்தக் கதையில் அவனுக்கும் விஷயம் இருக்கிறது, உனக்கும் இருக்கிறது என்று பட்டது.

2003 இல், பேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் சக்கர்பேர்க் அமெரிக்காவில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், கேர்க்லண்ட் என்கிற விடுதியில் இருக்கிறான். முதலில் செய்தது கோர்ஸ்மெச் என்று ஒரு சின்ன விஷயம், எந்தப் பாடத்தை யார் யார் எடுக்கிறார்கள் என்று காட்டும், அவ்வளவுதான். யார் எந்த வகுப்பில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள எந்த நாட்டுப் பெடியனுக்குத்தான் ஆசையில்லை, அதனால் அது ஓடியது. ஒக்டோபர் கடைசியில் பேஸ்மாஷ். விடுதிகள் தங்கள் மாணவர்களின் படங்களைப் பெயரோடு உள்வலையில் வைத்திருந்தன. அவற்றை இவன் கேட்காமல் இறக்கி, இரண்டு முகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அழகு என்று வோட்டுப் போடவிட்டான். முதல் 4 மணித்தியாலத்தில் 450 பேர் வந்து 22,000 தடவை படம் பார்த்தார்களாம். மாணவிகள் கொதித்தெழுந்தார்கள், தளம் சில நாளிலேயே மூடப்பட்டது, பல்கலைக்கழகம் இவனைக் கூப்பிட்டு விசாரித்தது. மருமகனுக்குச் சொல்லும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். ஆர் நடத்துகிறார்கள் என்றே தெரியாத பக்கங்களில் பெட்டையளின் படத்தைப் போட்டு நக்கலடிப்பது இங்கேயும் நடக்கிறதுதானே. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம்" என்றான்.

2004 பெப்ரவரி 4 இல் 'த பேஸ்புக்' வந்தது. காசு போட எடுவார்டோ சவரின், பிறகு கோட் எழுத டஸ்டின் மொஸ்கோவிட்ஸ், படம் கீற அன்ட்ரூ மக்கலம், வெளியில் கதைக்க கிறிஸ் ஹியூஸ். சேர்வர் வாடகை மாதம் 85 டொலர். அந்தப் பழைய பக்கத்தின் படம் இணையத்தில் கிடக்கிறது, எடுத்துப் பார். நீலமும் வெள்ளையும், கீழே பொடி எழுத்தில் 'மார்க் சக்கர்பேர்க் தயாரிப்பு' என்று சினிமாப் படம் மாதிரிப் பெயர் வேறு. ஆளுக்கு ஒரு படம்தான். எந்த விடுதி, என்ன பாடம், ஆரையாவது காதலிக்கிறாயா, இதுதான் விபரம். லைக் இல்லை, ஃபீட் இல்லை, ஒருத்தரின் பக்கத்தில் மற்றவர்கள் எழுதுகிற 'சுவர்'கூட செப்டெம்பரில்தான் வந்தது. ஒருத்தர் என்ன செய்கிறார் என்று தெரியவேண்டுமென்றால் அவருடைய பக்கத்துக்கு நீயே போய்த்தான் பார்க்கவேண்டும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வாசல். ஹாவர்ட் கொடுத்த மின்னஞ்சல் இருந்தால்தான் உள்ளே. கள்ளப் பெயரில் வந்தால் அடுத்த அறைக்காரன் பிடித்துவிடுவான், அதனால் எல்லோரும் சொந்தப் பெயரிலேயே வந்தார்கள், சொந்த விபரத்தையே எழுதினார்கள். ஒரு மாதத்துக்குள் அங்கே முதல் பட்டம் படிக்கிறவர்களில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். மார்ச்சில் கொலம்பியா, ஸ்டான்போர்ட், யேல். இரணைமடுத் தண்ணீரைப் பாய்ச்சுகிற கணக்குத்தான், ஒரு வயல் நிரம்பிய பிறகுதான் அடுத்த வரம்பை வெட்டினார்கள். ஒரு கம்பஸ்காரன் மற்றக் கம்பஸ்காரனின் பக்கத்தைச் சும்மா போய்ப் பார்க்கமுடியாது. ஃபிரெண்ட்ஸ்டர் என்று இதேமாதிரி ஒரு தளம் முன்னமே இருந்தது, அது எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டு, கூட்டம் ஏறியதும் பக்கமே திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. இவர்களுக்கு அந்த இடி விழவில்லை.

வழக்குக் கதை உனக்குத் தெரிந்திருக்கும். விங்கிள்வொஸ் இரட்டையர்களும் திவ்யா நரேந்திரா என்கிற இந்திய வம்சாவளிப் பெடியனும் தங்கள் தளத்தைச் செய்து தரச்சொல்லி இவனிடம் கொடுக்க, இவன் அவர்களை இழுத்தடித்துவிட்டுத் தன்னுடையதை வெளியிட்டான் என்பது அவர்கள் முறைப்பாடு. 2008 இல் காசும் பங்குமாக 65 மில்லியன் டொலருக்கு இணங்கினார்கள். அதே வருடம் இரட்டையர்கள் பீஜிங் ஒலிம்பிக்கில் படகும் வலித்தார்கள். சவரினையும் பிறகு ஓரங்கட்டினார்கள், அதற்கும் வழக்கு. இந்த யோசனை அந்தக் காலத்தில் கனபேருடைய தலையில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம், அதற்காகக் கூட்டாளியை ஏய்க்கலாமா? ஆர் என்ன செய்கிறார்கள், ஆருக்கு எவ்வளவு பங்கு என்று இப்பவே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வை என்று மருமகனுக்குச் சொன்னேன். சிரித்தான், சிரிக்கட்டும்.

அவர்கள் இதைச் செய்துகொண்டிருந்தபோது நாங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரே அறையில் இருந்தோம். ஊருக்கு வருவதென்றால் முகமாலைச் சோதனைச்சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, ஏறி, திரும்பவும் இறங்கி. ஆர் ஆருக்குப் பின்னால் திரிகிறான் என்கிற செய்தியெல்லாம் கன்ரீனில் பிளேன்ரீயோடு கிடைத்துவிடும், தளம் ஒன்றும் தேவைப்படவில்லை. 2004 கடைசியில் அவர்களுக்கு ஒரு மில்லியன் பேர். அந்த டிசம்பர் 26 இல் எங்களுக்கு முல்லைத்தீவுக் கடல் உள்ளே வந்தது, நானும் நீயும் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்த சுவர் சுவராகத் தேடித் திரிந்தோம்.

2005 இல் உயர்பாடசாலைக்காரரை உள்ளே விட்டார்கள். 2006 செப்டெம்பர் தொடக்கத்தில் நியூஸ் ஃபீட் வந்தது. நான் செய்கிறதையெல்லாம் எல்லோருடைய முகப்பிலும் கொண்டுபோய்க் கொட்டுகிறாயே என்று லட்சக்கணக்கான மாணவர்கள் எதிர்த்தார்கள், அந்த எதிர்ப்புக் குழுவும் அதே ஃபீட் வழியாகத்தான் வளர்ந்தது என்பது பகிடி. சக்கர்பேர்க் மன்னிப்புக் கேட்டான், கொஞ்சம் கட்டுப்பாடு வைத்தான், ஃபீட்டை மட்டும் எடுக்கவில்லை. அந்த மாதக் கடைசியில், 26 ஆம் திகதி, 13 வயதுக்கு மேற்பட்ட எவரும் வரலாம் என்று கதவைத் திறந்தான். அதற்கு முந்தின மாதம்தான் இங்கே யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை சண்டையால் மூடியது. அங்கே அவர்கள் தங்களைக் கனபேர் பார்க்கிறார்களே என்று கத்திக்கொண்டிருந்த நேரம், நான் இங்கிருந்து உனக்கு ஒரு கடிதம் அனுப்ப வழி தெரியாமல் இருந்தேன்.

நீ வெறுக்கிற பேஸ்புக் அந்த செப்டெம்பரில் பிறந்தது என்றுதான் நினைக்கிறேன். அதற்கு முதல் இருந்தது ஒருத்தரையொருத்தர் முகம் தெரிந்தவர்களின் இடம். கதவைத் திறந்த பிறகு 2012 இல் 100 கோடிப் பேர், அவ்வளவு பேரைத் தினமும் திரைக்கு முன்னால் இருத்தி வைத்தால்தான் விளம்பரக் காசு, அவர்களை இருத்தி வைக்கச் சண்டையைப்போல வேறொன்றும் உதவாது. ஆனால் மச்சான், அவன் கதவைத் திறந்திராவிட்டால் எங்களுடைய அந்தப் படம்? 2009 இல் யுத்தம் முடிகிற நேரம் வட்டுவாகலைத் தாண்டி வந்தபோது எவருடைய கையிலும் அல்பம் இருக்கவில்லை. பிறகு ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் பச்காரி ஒருத்தி ஏ.எல் குரூப் ஃபோட்டோவை ஸ்கேன் பண்ணிப் போட்டாள், ஒரு மூலையில் கறையான் அரித்தபடி. இரண்டாவது வரிசையில் நீ கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாய். அதன் கீழே ஒவ்வொருத்தராக வந்து பெயர் எழுதினார்கள், இவர் சுவிஸில், இவர் வவுனியாவில், இவரை இரணைப்பாலையில் கடைசியாகக் கண்டேன் என்று. சிலருடைய முகத்துக்கு நேரே ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. விடுதி முகப்பட்டியலை வைத்து விளையாடப்போய்த் தொடங்கிய ஒரு தளம் எங்களுக்கு இந்த வேலையைச் செய்தது. அதற்காக அவனுக்கு நன்றி சொல்லச் சொல்லவில்லை. மூடுவதென்றால் மூடு, முதலில் உன்னிடம் இருக்கிற படங்களையும் அந்தப் பெயர்களையும் இறக்கி எனக்கு அனுப்பு.

மருமகனுக்கு நான் கடைசியாகச் சொன்னது, உன் ஃபகல்டியோடு மட்டும் தொடங்கு, கம்பஸ் மின்னஞ்சல் இல்லாதவனை விடாதே, பக்கத்தில் இருக்கிற விவசாயபீடம் கேட்டாலும் உங்களுடையது நிரம்பும் வரை பொறு. வவுனியாப் பல்கலைக்கழகத்தையும் சேர்க்கவேண்டும் என்று இப்பவே நிற்கிறான், நான் வேண்டாம் என்கிறேன். ஆனால் சேர்வர், பாதுகாப்பு இதெல்லாம் எனக்குத் தெரியாது. உன் மகள் அந்த வேலைதானே பார்க்கிறாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்ஸப்பில் இவனோடு அரை மணித்தியாலம் கதைக்கச் சொல். இவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும், பிள்ளையைத் தமிழில் கதைக்கச் சொன்னால் நல்லது.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? அம்மாவும் கேட்கிறா.

அன்புடன்,
உன் பழைய அறைக்காரன்