அந்த ஓட்டுநருக்கு என்ன ஆனது?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கதையை நேற்று ராத்திரி படிக்க உட்கார்ந்தேன், முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். காலையில் மறுபடியும் படித்தேன், இந்தத் தடவை கையில் பென்சிலோடு. போனில் பேசினால் "நல்லா இருக்கும்மா" என்பதோடு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

கதைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. நீ ஒன்பதாவது படிக்கும்போது பரீட்சைக்கு முதல் நாள், முதல் உலகப் போர் பாடத்தைப் படித்துக்கொண்டே என்னிடம் கேட்டாய்: "அந்தக் கார் தப்பான தெருவுக்குள் திரும்பாமல் இருந்திருந்தால் என்னம்மா ஆகியிருக்கும்?" நான் வினாத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். "அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. நடந்ததை மட்டும் படி" என்றேன். உன் முகம் சுருங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அது தவறான பதில். முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் சொல்லியிருக்கக் கூடாத பதில். "முதல் உலகப் போருக்கு உடனடிக் காரணம் என்ன?" என்று நானே கேள்வி போட்டு மார்க்கும் போட்டேன். ஒன்றைக் காரணம் என்று சொன்னாலே, அது இல்லையென்றால் இது நடந்திருக்காது என்றும் சேர்த்துத்தான் சொல்கிறோம். நீ கேட்டது அந்த இரண்டாம் பாதியை. மன்னித்துவிடு, கண்ணம்மா.

சரி, கதைக்கு வருகிறேன்.

போஸ்னியாவின் சரயேவோவை நன்றாகவே எழுதியிருக்கிறாய். 1914 ஜூன் 28. காலையில் வீசிய குண்டு ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் காரில் பட்டுத் தெறித்து, பின்னால் வந்த காருக்கு அடியில் வெடிக்கிறது. நகர மன்றத்துக்குப் போய்விட்டு, காயம்பட்டவர்களை மருத்துவமனையில் பார்க்க வேண்டும் என்கிறார் இளவரசர். ஆற்றங்கரைச் சாலையில் நேராகப் போய்விடலாம் என்று முடிவாகிறது. அந்த முடிவை ஓட்டுநர்களுக்கு யாரும் சொல்லவில்லை. லத்தீன் பாலத்துக்கு எதிரே முன்னால் போன கார் பழைய திட்டப்படி வலது பக்கம் திரும்புகிறது, இளவரசரின் ஓட்டுநர் லியோபோல்ட் லோய்காவும் பின்னாலேயே திருப்புகிறார். கூட இருந்த ஆளுநர் கத்துகிறார். லோய்கா காரை நிறுத்துகிறார். நின்ற இடத்துக்குச் சில அடி தூரத்தில், கொலைச் சதிக்காரர்களில் ஒருவனான 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் துப்பாக்கியோடு நிற்கிறான். இளவரசரைச் சுட்டுக் கொல்கிறான்.

ஒரு திருத்தம். பிரின்சிப் சாண்ட்விச் வாங்கப் போனதால்தான் அங்கே இருந்தான் என்று எழுதியிருக்கிறாய். அது பின்னால் வந்த கட்டுக்கதை, எடுத்துவிடு. முன்பே அறிவித்த பாதை அந்தத் தெரு வழியாகத்தான் இருந்தது, அதனால்தான் அவன் அங்கே காத்திருந்தான்.

உன் கதையில் லோய்கா நேராகப் போகிறார். அடுத்த பக்கத்திலேயே போர் இல்லை. நாலாவது பக்கத்தில் 1950 வந்துவிடுகிறது, ஐரோப்பா முழுக்கப் பூத்துக் கிடக்கிறது. இங்கேதான் என் பென்சில் நின்றது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உனக்குத் தெரியும். நீ காக்கையை விரட்டிவிட்டாய். பழம் பழுத்திருந்ததா என்று பார்க்கவில்லை. 1908இல் போஸ்னியாவை ஆஸ்திரியா சேர்த்துக்கொண்டது, 1912, 1913 பால்கன் போர்கள், ஒரு நாடு கையை ஓங்கினால் கூட்டாளிகள் எல்லாரும் கச்சை கட்டும்படியான ஒப்பந்தங்கள், ரயில் அட்டவணை வரை எழுதிவைத்திருந்த படைத் திட்டங்கள். இந்தக் காக்கை இல்லையென்றால் இன்னொரு காக்கை வந்திருக்கும் என்று சொல்பவர்களுக்கு இத்தனை ஆதாரம் உண்டு.

ஆனால் உன் பக்கத்துக்கும் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை நீ எடுக்காமல் விட்டுவிட்டாய். செர்பியா மீது போர் தொடுக்க வேண்டும் என்று ஆஸ்திரியப் படைத்தலைவர் திரும்பத் திரும்ப நச்சரித்தபோது வேண்டாம் என்று தடுத்தவர்களில் முக்கியமானவர் இந்த இளவரசர்தான். அவர் செத்ததால் போருக்குச் சாக்கும் கிடைத்தது, தடுக்கிற கையும் போய்விட்டது. ஒரே மாதத்தில், ஜூலை 28இல், போர். அவர் பிழைத்திருந்தால் பழம் இன்னும் சில வருஷம் மரத்திலேயே இருந்திருக்கலாம். அந்தச் சில வருஷங்களை எழுது. பூத்த ஐரோப்பாவைவிட அது நம்பும்படியாக இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. போரை எடுத்தால் அதோடு வேறு எதெல்லாம் போகிறது என்று கணக்குப் பார்த்தாயா?

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் அந்தப் போரில் பிரான்சில் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தவர். ஆழமான புண்களில் கிருமிநாசினி நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்கிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்தவர். 1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்புகிறார். ஒரு கண்ணாடித் தட்டில் பூஞ்சை விழுந்து, அதைச் சுற்றிக் கிருமிகள் கரைந்துபோயிருக்கின்றன. வேறு ஒருவர் என்றால் தட்டைக் கழுவப் போட்டிருப்பார். அவர் குனிந்து பார்த்தார். அதை மருந்தாக்கியது ஃபுளோரி, செயின் என்ற விஞ்ஞானிகள், பத்துப் பதினைந்து வருஷத்துக்கு அப்புறம். ஏராளமாகத் தயாரிக்க வைத்தது இரண்டாம் உலகப் போரின் அவசரம்.

எனக்கு ஏழு வயதில் நிமோனியா வந்தது. பென்சிலின் ஊசி போட்ட இடம் கல் மாதிரி இறுகிப்போய், உன் பாட்டி வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். அந்தச் சூடு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உன் கதையின் 1950இல் அந்த ஊசி இருக்கிறதா? இல்லையென்றால் நான் இல்லை, அதை எழுத நீயும் இல்லை. அதற்காகப் போர் நல்லது என்று சொல்ல வரவில்லை. கோடிக்கணக்கானவர்கள் செத்த போர் அது. ஒன்றை உருவினால் கூடவே என்னென்ன வருகிறது என்று பார்க்கத்தான் சொல்கிறேன்.

1945 ஆகஸ்ட் 9ஐ எடுத்துக்கொள். இரண்டாவது அணுகுண்டோடு கிளம்பிய விமானத்துக்குக் குறித்துக்கொடுத்த நகரம் ஜப்பானின் கொகுரா. மேலே மேகமும் புகையும். மூன்று முறை சுற்றியும் இலக்கு கண்ணுக்குத் தெரியவில்லை, எரிபொருளோ குறைந்துகொண்டே வந்தது. நாகசாகிக்குத் திருப்பினார்கள். கொகுராவில் அன்று காலை குழந்தைக்குத் தலை வாரிய ஒரு தாய்க்கு, தன் கூரைக்கு மேலே என்ன சுற்றிவிட்டுப் போனது என்று தெரிந்திருக்காது. "மேகம் இல்லாமல் இருந்திருந்தால்" என்று எழுத ஆரம்பித்தால், நாகசாகியின் பிள்ளைகளைக் காப்பாற்றும் அதே வரியில் அந்தக் குழந்தையை நீ எரிக்க வேண்டும். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தடுமாறும்.

பழுத்த பழமும் சில நேரம் விழாது. 1983 செப்டம்பர் முதல் தேதி சோவியத் படை கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 269 பேர் செத்தார்கள். இரு பக்கமும் விரல் விசையில் இருந்த நேரம். அதே மாதம் 26ஆம் தேதி, ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருகின்றன என்று சோவியத் எச்சரிக்கைக் கருவி அலறியது. பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், நிஜத் தாக்குதல் என்றால் வெறும் ஐந்தோடு ஆரம்பிக்க மாட்டார்கள் என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்று மேலே சொன்னார். மேகத்தில் பட்டுத் திரும்பிய வெயிலைத்தான் கருவி ஏவுகணை என்று நினைத்திருந்தது.

1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ், முன்பு ஓட்டிய வானிலைக் கணக்கையே மறுபடி ஓட்டிப் பார்க்க, 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கணிப்பொறியில் போட்டார். திரும்பி வந்து பார்த்தால் முற்றிலும் வேறு வானிலை வந்திருந்தது. அவரால் இரண்டு முறை ஓட்டிப் பார்க்க முடிந்தது. 1914ஐ ஒரு தடவைதான் ஓட்ட முடியும். இரண்டாவது ஓட்டம் உன் மாதிரி ஆட்களின் மனசில்தான் நடக்கிறது, அதனால்தான் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன். விடாமல் எழுது.

கடைசியாக ஒன்று. மூன்றாம் பக்கத்துக்கு அப்புறம் லோய்கா உன் கதையில் வரவே இல்லை. நேராகப் போன லோய்காவுக்கு என்ன ஆனது? மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தி வெயிலில் காத்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், காலையில் வெடித்த குண்டைப் பற்றித்தான் பேசுவார். பாலத்துக்கு எதிரே தாண்டிப்போன அந்தத் தெரு அவர் நினைவிலேயே இருக்காது. அந்த ஒரு சாயங்காலத்தை எழுது, அதை நான் படிக்க வேண்டும்.

அடுத்த பிரதியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா