ரமேஷ் கிருஷ்ணன் ஆடிய அரங்கிலிருந்து

கோத்தன்பர்க், சுவீடன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம்; உங்கள் இருவரின் நலமறிய ஆவல். கிருஷ்ணகிரியில் மாமரங்கள் பூவெடுக்கத் தொடங்கிவிட்டதாக அம்மா சொன்னாள். இங்கே பிற்பகல் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. இவ்வூர்க்காரர்கள் தம் ஊரை ‘யோத்தபொரி’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆயுதபூஜை நினைவுக்கு வருகிறது.

சென்ற சனிக்கிழமை, அலுவலக நண்பர்களுடன் ஐஸ் ஹாக்கி பார்க்க ‘ஸ்காண்டிநேவியம்’ என்னும் உள்ளரங்கத்துக்குச் சென்றேன். பெயரைக் கேட்டதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்வீர்கள் என்று அறிவேன். 1987 டிசம்பரில், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப்போட்டியில், சுவீடனிடம் நம் இந்திய அணி 0–5 எனத் தோற்றது இங்கேதான். 1971இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தின் கூரை, குதிரைச் சேணம்போல் வளைந்து எஃகு வடங்களில் தொங்குவதால், உள்ளே பார்வையை மறைக்க ஒரு தூண்கூட இல்லை.

சிட்னியில், புல்தரையில், ஆஸ்திரேலியாவையே 3–2 என வீழ்த்தியவர்கள் இங்கே ஏன் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை என்று நீங்கள் பலமுறை கேட்டதுண்டு. விடை அந்தத் தரையில் இருக்கிறது, அப்பா. போட்டியை நடத்தும் நாடே ஆடுகளத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அன்றைய விதி. சுவீடன்காரர்களோ இக்கூரைக்குள் களிமண் தரையை அமைத்துவிட்டார்கள். புல்லில் தாழ்ந்து வழுக்கிச் செல்லும் பந்து, மண்ணில் வேகம் குறைந்து உயரமாக எழும்பும். மென்மையாகப் பந்தை இடம் பார்த்து வைக்கும் ரமேஷ் கிருஷ்ணனும், சர்வீஸ் போட்டவுடன் வலைக்கு விரையும் விஜய் அமிர்தராஜும், மண் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனை இருமுறை வென்றிருந்த சுவீடன் வீரர் மாட்ஸ் விலாண்டரை அந்த மண்ணில் என்ன செய்திருக்க முடியும்? கூரையின்கீழ் காற்றும் வெயிலும் இல்லாததால், எதிராளி தடுமாறுவார் என்று காத்திருக்கவும் வழியில்லை. 1984இல் மெக்கன்ரோவும் கானர்ஸும் அடங்கிய அமெரிக்க அணியே இதே அரங்கில், இதேபோன்ற மண்ணில், 1–4 எனத் தோற்றது என்பதை அறிந்தபோது நமக்காகச் சற்று ஆறுதல் அடைந்தேன்.

2019 முதல் இறுதிக்கட்டத்தில் அந்தப் பழைய முறை இல்லை. அதைப் பெரும்பாலும் ஒரே ஊரில், கடினத்தரை உள்ளரங்கில், இரு நாடுகளின் ஒரு சந்திப்புக்கு மூன்றே ஆட்டங்களாக நடத்துகிறார்கள். 2022 முதல் மூன்றாண்டுகள் ஸ்பெயினின் மலாகாவில் நடந்தது. முன்பு மூன்று நாள்களில் ஐந்து ஆட்டங்கள் நடந்தன என்பதால், இது உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பூப்பந்துக் காலத்தில், தருமபுரி அணி ஆட வரும் நாள்களில் மட்டும் நம் களத்தில் நீங்கள் நான்கு குடம் தண்ணீர் கூடுதலாகத் தெளிக்கச் சொன்னதாக அம்மா கூறுகிறாள். அது உண்மைதானா என்று மறு கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்