முதலில் குழாய், பிறகு நடைபாதை

ஆசிரியருக்கு,

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போன்ற துணிக் கடைவீதிகளைச் சீரமைக்கும்போது வேலையின் வரிசைதான் முக்கியம். கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்கேபிள் மூன்றையும் முடித்த பிறகே நடைபாதையில் பேவர் பிளாக் கல் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதமே ஒரு துறை வந்து பெயர்க்கும். திரும்பப் போடும்போது அடிமண்ணைச் சரியாக இறுக்குவதில்லை. முதல் மழையிலேயே கல் உள்வாங்கி, முதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பழைய தாரை மில்லிங் செய்யாமல், அதாவது சுரண்டி எடுக்காமல், மேலேயே புதிய சாலை போடுவது இன்னொரு தவறு. சாலை உயர உயர, தண்ணீர் கடைக்குள்தான் போகும்.

கடைவீதி நடைபாதையில் நடக்க மட்டுமே 2.5 மீட்டர் தடையின்றி வேண்டும். மீன்பாடி வண்டி எனும் மூன்று சக்கர வண்டியில் வரும் துணி மூட்டைகளை இறக்கத் தனி இடமும் காலை நேரமும் ஒதுக்காவிட்டால், மூட்டைகள் அந்த நடைபாதையில்தான் இறங்கும்.

தீபாவளி வியாபாரத்தின்போது தோண்டவே கூடாது. பொங்கல் முடிந்ததும் நூறு நூறு மீட்டராக, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் தொடங்கலாம்.

2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, அந்த வியாபாரத்தை முறைப்படுத்த அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் சாலையோர வியாபாரிகளே. வரைபடத்தை அவர்களிடம் முதலிலேயே காட்டுங்கள். நைட்டியும் உள்பாவாடையும் தேடி வரும் பெண்கள் அவர்களை நம்பித்தான் இங்கு வருகிறார்கள்.

– வாசகர், வண்ணாரப்பேட்டை