காகுராசாகா ஒன்றே போதும்

அன்புள்ள சேகர்,

நாலு மாசமாக ஒரு வரி எழுதவில்லை, மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

உன் டோக்கியோ பயணப் பட்டியலைப் பார்த்தேன். ஒரே ராத்திரியில் கின்ஸா, ஷிபுயா, ஷின்ஜுகு மூன்றுமா? நவக்கிரகக் கோயில் டூர் இல்லையடா இது. மூன்றையும் அடித்துவிடு. அங்கே நிதானமாகச் சாப்பிட்டு நடக்க காகுராசாகா ஒன்றே போதும்.

5.30க்கு ஈதாபாஷி ஸ்டேஷனின் மேற்கு வாசல் வழியாக வாருங்கள். பழைய கோட்டை அகழிக்கு மேலே பாலம், அதைத் தாண்டிப் பெரிய சாலையைக் கடந்தால் எதிரே ஏறுகிற மேட்டுத் தெருதான் காகுராசாகா. பாதி ஏற்றத்தில் இடப்பக்கம் செந்தூர நிறத்தில் ஸென்கோகுஜி கோயில். வாசலில் காவலுக்குக் கல்புலிகள். அதற்கு எதிர்ப்பக்கச் சந்துகளில்தான் அழகெல்லாம் இருக்கிறது. ஒன்றின் பெயரே 'கண்ணாமூச்சிச் சந்து', காகுரென்போ யோகோச்சோ. கைக்கடக்கமான கருங்கற்களை விசிறி போல அடுக்கிய தரை. இடுக்கில் குதிகால் மாட்டும், மீனாவைத் தட்டைச் செருப்புப் போட்டுவரச் சொல். அங்கே வீடுகளும் உண்டு, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

எனக்குக் கவலை மீனாவின் சாப்பாடு ஒன்றுதான். "கறி, மீன் வேண்டாம்" என்றால் தட்டில் துண்டு இருக்காது, ஆனால் தாஷி இருக்கும். சூரை மீனைப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவி இறக்கும் சாறு அது. நம்ம மாசிக் கருவாட்டுக்குப் பங்காளி. மிஸோ சூப், முட்டைச் சுருள், கீரை, டெம்புராவுக்கு (மாவில் தோய்த்துப் பொரித்தது) தொட்டுக்கொள்ளும் குழம்பு, எல்லாவற்றிலும் அதுதான் அடிப்படை. வெறும் கீரைதானே என்று வாயில் போட்டால் மீன்சாறு இறங்கிவிடும். உட்கார்ந்தபின் சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் சாற்றை முன்னமே இறக்கி வைத்திருப்பார்கள், காய்களும் அதிலேயே வெந்து ஊறியிருக்கும். அதனால் இடம் பிடிக்கும்போதே, "கட்சுவோ தாஷி மோ தமே தெசு" (சூரைச் சாறும் ஆகாது) என்று சொல்லிவிட வேண்டும். கொம்பு என்னும் கடற்பாசியிலும் காய்ந்த ஷியிதாகே காளானிலும் சாறு எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது என்றால் வேறு கடை பார்ப்போம், வற்புறுத்தக் கூடாது.

கவுண்டர் இருக்கை கேட்போம், சமையல் கண்ணெதிரே நடக்கும். முழு விருந்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் வை. தாமதமானால் அடுப்பின் கணக்கே குலையும். அன்றைக்கே ரத்து செய்தால் பல கடைகளில் முழுத்தொகையும் கட்டச் சொல்வார்கள். சென்ட் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் சூப்பின் மணம் கெடும். கேட்காமலே வருகிற சின்னக் கிண்ணம் ஒதோஷி, அதற்கும் காசு உண்டு, தகராறு பண்ணாதே! சாகே என்கிற அரிசி மது ஒரு 'கோ' அளவு 180 மில்லி. 40 டிகிரிக்குச் சூடாக்கிய நுருகான் கேள், கூடவே தண்ணீரும். ஒருவர் கிண்ணத்தில் மற்றவர் ஊற்றுவதே வழக்கம். பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேரலாம், டிப்ஸ் வைக்காதே.

திரும்பும்போது டாக்ஸி தேடாதே. அந்தத் தெரு ஒருவழி. காலையில் வண்டி மேட்டிலிருந்து இறங்கும், மதியத்துக்குமேல் ஏற மட்டுமே செய்யும். ஸ்டேஷனுக்கு நடந்தே இறங்கிவிடுங்கள்.

தேதி உறுதியானதும் உடனே எழுது. மீனா முட்டை சாப்பிடுவாளா என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுது. கடைக்கு நான் போன் போடுகிறேன்.

உன்,
பாலு