ஆண்டறிக்கை: பிரெஞ்சுக் குழலோடு ஒரு வருடம்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

"எப்பப் பார்த்தாலும் பீத்தோவன்தானா?" என்று போன பொதுக்குழுவில் எழுந்த முணுமுணுப்பின் பலனாக, இந்த ஆண்டு முழுக்க பிரெஞ்சுப் புல்லாங்குழலையே கேட்டோம். புதுச்சேரியில் இருந்துகொண்டு இத்தனை நாள் விட்டுவைத்ததுதான் ஆச்சரியம். மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை.

தொடக்கம் பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் 'ஃபான்' (ஆட்டுக்கால் கொண்ட புராணக் காட்டுத் தேவன்) முன்னிசை. 1894 டிசம்பர் 22 அன்று பாரிஸில் அரங்கேறியபோது குழல் வாசித்த ழோர்ழ் பாரேருக்கு வயது 18. துணை எதுவும் இல்லாமல் குழல் தனியாகத் தொடங்கும் அந்த முதல் ஸ்வரத்துக்கு ஏறக்குறைய எல்லா விரலும் தூக்கியே இருக்கும். பிடிமானம் இல்லாத ஸ்வரம்; மயக்கம் அதனால்தான். அன்றைக்கு ரசிகர்கள் மறுபடி வாசிக்கச் சொன்னார்களாம். நாம் மூன்று முறை கேட்டோம்.

அடுத்த கூட்டங்கள் பாரிஸ் கன்சர்வேட்வார் என்ற இசைக் கல்லூரியைப் பற்றி. ஜெர்மானியரான போம் வடிவமைத்த சாவிக் குழலைப் (துளைகளை மூட உலோக மூடிகள் வைத்தது; அந்த மூடிதான் சாவி) பேராசிரியர் துலு கடைசிவரை உள்ளே விடவில்லை. அவருக்குப் பின் வந்த தொருஸ் 1860இல் அதை ஏற்றார். லூயி லோ பட்டறையின் வெள்ளிக் குழல்கள் அங்கே புழக்கத்துக்கு வந்தன. 1893இல் பேராசிரியரான போல் தஃபானெல்தான் இந்த மரபுக்கு மூலவர். பாரேர், கோபேர், மோய்ஸ் எல்லாம் அவரிடம் பாடம் கேட்டவர்கள். ஃபோரேயின் ஃபான்தசி (1898), செசில் ஷாமினாதின் கன்செர்த்தினோ (1902) இரண்டுமே மாணவர்களின் ஆண்டுப் போட்டிக்கு எழுதியவை. பரீட்சைக்கு எழுதிய இசை நூறு வருடம் தாண்டி நிற்கிறது என்றால், கேள்வித்தாள் தயாரித்தவர்களுக்கும் ரசனை இருந்திருக்கிறது.

இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் எது என்று கேட்டால் ஆகஸ்ட் என்பேன். விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவரின் மகள் தன் வெள்ளிக் குழலைக் கொண்டுவந்தாள். மார்செல் மோய்ஸ் 1934இல் வெளியிட்ட நாதப் பயிற்சியை வாசித்துக் காட்டினாள். ஒரு ஸ்வரம், அதிலிருந்து அரை ஸ்வரம் இறக்கம், மறுபடி அரை. நாதம் மட்டும் துளியும் மாறக்கூடாது. பத்து நிமிடத்தில் இரண்டு பேர் டீ குடிக்க எழுந்து போனார்கள், மற்றவர்கள் அசையவில்லை.

அப்புறம் நம் கர்நாடகக் குழல் வித்வான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிரெஞ்சுப் பாணிக் குழலில் ஐந்து சாவிகளின் நடுவே துளை இருக்கும்.

"துளையை மூடவே சாவி, அந்தச் சாவியிலும் துளையா?"

"பாதி மூடலாம் மாமா, வழுக்கிப் பாருங்க."

அவர் விரலை இழைத்தார். ஸ்வரம் வளைந்தது. "அட, கமகத்துக்கு இடம் விட்டிருக்கான்!" என்றார். பிரெஞ்சுக்காரர்கள் அதற்காக விடவில்லை என்று யாரும் திருத்தவில்லை.

டிசம்பரில் குழல் கலைஞர் ழான்-பியேர் ராம்பால். மார்செய்காரர், குழல் ஆசிரியரின் மகன், மருத்துவம் படிக்கப் போய்க் குழலுக்குத் திரும்பியவர். பூலாங்க் குழலுக்கும் பியானோவுக்கும் எழுதிய சொனாட்டாவை 1957இல் ஸ்த்ராஸ்பூரில், இசையமைத்தவரே பியானோ வாசிக்க, அரங்கேற்றியவர். இரண்டாம் பகுதி பாதியில் கரண்ட் போய்விட்டது. மீதியைக் கைப்பேசியில் கேட்டோம். சரி, கேட்டோம் என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

பழைய ஒலிபெருக்கி இனி தாங்காது. புதிது வாங்குவது இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது. அடுத்த ஆண்டுக்கு ஓபோ (நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் மேற்கத்திய வாத்தியம்) கேட்கலாம் என்று இருவரும், மறுபடி பீத்தோவன் என்று ஒருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்