பக்கத்து நாற்காலி அண்ணனுக்கு நன்றி

உடல் எடையைக் குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் ஒருவருக்கு நன்றி சொல்லிவிட வேண்டும். பெயர் தெரியாது. உணவியல் நிபுணரைப் பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவர். இதே அறுவை சிகிச்சையை முன்பே செய்துகொண்டவர்.

அறுவை சிகிச்சைக்கு முன் சில நாள் திரவ உணவு மட்டும்தான் என்றதில் எனக்கு ஒரே எரிச்சல். கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு குறைந்து அது சுருங்கினால்தான், அடியில் இருக்கும் இரைப்பையை சிறு துளை வழியே உள்ளே விடும் லேப்ராஸ்கோப்பிக் கருவி சுலபமாக எட்டும் என்று உள்ளங்கையை விரித்து மடக்கிக் காட்டினார். மருத்துவரும் இதையேதான் சொன்னார். இவர் கையைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

அப்புறம் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு மிடறு என்று குடித்துக் காட்டினார். "இப்பவே பழகிக்கோங்க தம்பி. சாப்பிடும்போது தண்ணி வேண்டாம். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, சரியா?"

பயமாக இருக்குமா என்று கேட்டேன். "இருக்கும்" என்றார். சும்மா தைரியம் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணா, திரவ உணவு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மெல்ல எதுவும் இல்லாததுதான் கஷ்டம். ரொம்ப நன்றி.